விம்மில் வரி முறிவு குழம்பினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

புறக்கோட்டையில் ஒரு கடையின் விண்டோஸ் கணினியில், எக்செல்லில் தொடங்கும் விலைப்பட்டியல், வட்ஸ்அப்பில் வெள்ளவத்தைக்கு வந்து, அங்கே ஒருவர் தன் மெக்கில் நாலு வரி சேர்த்து, கடைசியில் லினக்ஸ் சேர்வரில் ஏறும்போது, அதற்குள் வரி முடிவு இரண்டு வகையாகக் கலந்து கிடக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கிரிப்ட் ஓடாதபோது, இல்லாவிட்டால் எஸ்எம்எஸ் பாதிப் பேருக்குப் போகாதபோதுதான் கரைச்சல் தொடங்கும். பலர் உடனே எங்கேயோ பார்த்த ஒரு கொமாண்டை அடித்துவிடுகிறார்கள். ஆனால் வெளியில் ஒரே மாதிரித் தெரியும் கோளாறுக்கு உள்ளே மூன்று வேறு காரணம் இருக்கலாம், ஒன்றுக்குச் சரியான மருந்து இன்னொன்றின் தரவை அழித்துவிடும். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிகிற அறிகுறிக்கு நேரே போங்கள்.

அடிப்படை கொஞ்சம்தான். வரியை முடிக்க இரண்டு எழுத்துகள் உண்டு: சிஆர், எண் 13, எல்எஃப், எண் 10. பழைய டெலிடைப் இயந்திரத்தில் முதலாவது அச்சுத் தலையை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவரும், இரண்டாவது தாளை ஒரு வரி மேலே நகர்த்தும். டொஸ்ஸும் அதன் வழியில் விண்டோஸும் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டன. யுனிக்ஸ், லினக்ஸ், இன்றைய மெக் எல்லாம் எல்எஃப் மட்டும். மெக் ஓஎஸ் 9 வரை இருந்த பழைய மெக்குகள் சிஆர் மட்டும். இவ்வளவும்தான்.

கொமாண்டுகளை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன், கீபோர்டில் அதற்குரிய ஆங்கில எழுத்தை அடியுங்கள். பெரிய எழுத்து என்று சொல்லாத இடத்தில் எல்லாம் சிறிய எழுத்து. முக்காற்புள்ளியில் தொடங்குவது விம் என்ற எடிட்டருக்குள் அடிப்பது, மற்றது டெர்மினலில். 'எஸ்ஈடி' என்று எழுதியிருப்பது நாம் வாயால் 'செட்' என்று சொல்கிற அந்தத் தனிக் கருவி, விம்முக்குள் வரும் :செட் வேறு. கோப்புப் பெயராகப் 'பட்டியல்', 'அனுப்பு' என்று வைத்திருக்கிறேன், லினக்ஸில் தமிழ்ப் பெயர் தாராளமாக வேலை செய்யும்.

கை வைக்க முதல்: எண்ணிப் பாருங்கள்

கோப்பை ஒரு கொப்பி எடுத்து வைத்துவிட்டு இந்த இரண்டையும் அடியுங்கள்:

கிரெப் -சி $'\ஆர்' பட்டியல்
டபிள்யூசி -எல் பட்டியல்

முதலாவது சிஆர் உள்ள வரிகளை எண்ணும், இரண்டாவது எல்எஃப்களை எண்ணும். முதல் எண் 0 என்றால் சிஆர் கிடையாது, உங்கள் பிரச்சினை வேறு இடத்தில். இரண்டும் ஒன்றென்றால் முழுக் கோப்பும் விண்டோஸ் பாணி. முதலாவது குறைவென்றால் கலப்படம், அதுதான் கவனமாகப் பார்க்கவேண்டிய வகை. இரண்டாவது 0 என்று வந்து கோப்பு பெரிதாக இருந்தால், பழைய மெக் பாணி.

'ஃபைல் பட்டியல்' என்று அடித்தாலும் வரி முடிவு எந்த வகை என்று சொல்லும், ஆனால் பெரிய கோப்பில் அது தொடக்கப் பகுதியை மட்டும்தான் பார்க்கிறது. 'கேட் -ஏ' (பெரிய ஏ) பற்றி நிறையப் பேர் சொல்லுவார்கள். ஆங்கிலக் கோப்புக்குச் சரி. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள கோப்பில் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனிக் குறியாகக் கொட்டும், அதற்குள் வரி முடிவைத் தேடிக் கண் வலிக்கும். தமிழ்க் கோப்பென்றால் விம்மில் திறந்து இப்படி அடியுங்கள்:

:ஈ ++எஃப்எஃப்=யுனிக்ஸ்

எஃப்எஃப் என்பது கோப்பின் வரி முடிவு வகை. தமிழ் தமிழாகவே இருக்கும், ஒளிந்திருந்த சிஆர் எல்லாம் வரிக் கடைசியில் ^எம் என்று வெளியில் வந்துவிடும். பார்க்கத்தான் இது, இன்னும் எதுவும் மாறவில்லை.

ஸ்கிரிப்ட் ஓடாது, பிழைச் செய்தியும் அரைகுறையாக வருகிறது

'பேட் இன்டர்பிரிட்டர்' என்று வந்து, பாஷ் என்ற பெயருக்குப் பின்னால் ^எம் ஒட்டியிருக்கும். அல்லது கோப்பு இருக்கும்போதே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று சொல்லும். நடப்பது இதுதான்: முதல் வரியில் #! குறிக்குப் பிறகு எல்எஃப் வரும் வரைக்கும் உள்ளதை எல்லாம் லினக்ஸின் மையமான கேர்னல், ஸ்கிரிப்டை ஓட்டவேண்டிய நிரலின் பெயராக எடுக்கிறது, அதனால் அது தேடுவது பாஷ்ஷை அல்ல, சிஆர் வால் ஒட்டிய பாஷ்ஷை. செய்தி அரைகுறையாகத் தெரிவதற்கும் அதே வால்தான் காரணம், திரையில் சிஆர் வந்ததும் கேர்சர் வரியின் தொடக்கத்துக்கு ஓடி, மிச்சச் செய்தி முன்னால் எழுதியதன் மேலேயே விழுகிறது.

இந்த இடத்தில் பலர் விம்மில் திறந்து பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லையே' என்று மூடிவிடுவார்கள். எல்லா வரியும் சிஆர்-எல்எஃப் என்றால் விம் அதை டொஸ் கோப்பு என்று தானே கண்டுபிடித்து சிஆரை மறைத்துவிடும். திறக்கும்போது கீழே [டொஸ்] என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் வரும். சந்தேகமென்றால் கேளுங்கள்:

:செட் எஃப்எஃப்?

டொஸ் என்று பதில் வந்தால்:

:செட் எஃப்எஃப்=யுனிக்ஸ்
:டபிள்யூ

முடிந்தது. திறக்காமலே செய்ய:

எஸ்ஈடி -ஐ 'எஸ்/\ஆர்$//' அனுப்பு

இது லினக்ஸில். மெக்கில் உள்ள எஸ்ஈடி வேறு பரம்பரை, -ஐ போட்டால் அடுத்து ஒரு பின்னொட்டை எதிர்பார்க்கும், பழைய பதிப்புகளுக்கு \ஆர் விளங்கவும் விளங்காது. அங்கே இது:

டிஆர் -டி '\ஆர்' < அனுப்பு > அனுப்பு2

இரண்டு பக்கமும் ஒரே பெயரைப் போட்டுவிடாதீர்கள். டிஆர் படிக்கத் தொடங்க முதலே ஷெல் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடும். அப்புறம் புதிய கோப்புக்கு ஓடும் அனுமதி இருக்காது, 'சிஎச்மொட் +எக்ஸ் அனுப்பு2' என்று கொடுக்கவேண்டும். இதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு 'இன்னும் ஓடவில்லை' என்று திரும்ப சிஆரைத் தேடி மினக்கெடுகிற ஆக்கள் உண்டு.

இதே வால், பாஸ்வேர்ட் எழுதி வைத்த அமைப்புக் கோப்பில் இருந்தால் எந்தச் செய்தியும் வராது. பாஸ்வேர்ட் பிழை என்று மட்டும் சொல்லும், நீங்கள் பத்துத் தரம் பார்த்தாலும் எழுத்து எழுத்தாகச் சரியாகத்தான் இருக்கும். கையால் அடித்தால் வேலை செய்கிறது, கோப்பிலிருந்து படித்தால் பிழைக்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

விம்மில் சில வரிகளின் கடைசியில் ^எம் தெரிகிறது

மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு இது விளங்கியிருக்கும்: ^எம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் கோப்பு முழு விண்டோஸ் பாணியில் இல்லை. எங்கேயோ ஒரு வரியாவது வெறும் எல்எஃப்பில் முடிகிறது, அதனால் விம் முழுக் கோப்பையும் யுனிக்ஸாக எடுத்து, சிஆரைச் சாதாரண எழுத்தாகக் காட்டுகிறது. ஆகவே இங்கே எஃப்எஃப்=யுனிக்ஸ் அடித்துப் பயனில்லை. அது ஏற்கெனவே யுனிக்ஸ்தான்.

சாதாரணக் கலப்படம் என்றால் இது போதும்:

:%எஸ்/\ஆர்$//

ஆனால் எக்செல்லில் இருந்து வந்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) என்றால் கொஞ்சம் பொறுங்கள். எக்செல்லில் ஒரு பெட்டிக்குள் ஆல்ட்-எண்டர் அடித்து இரண்டு வரியாக எழுதியிருப்பார்கள், முகவரிப் பத்தியில் இது சர்வசாதாரணம்: 'காலி வீதி' மேலே, 'கொழும்பு 06' கீழே. பெட்டிக்குள் இருக்கும் அந்த முறிவு வெறும் எல்எஃப். ஒரு பதிவு முழுதாக முடியும் இடத்தில்தான் சிஆர்-எல்எஃப். அப்படியென்றால் நீங்கள் குப்பை என்று நினைக்கும் ^எம்தான் பதிவு எங்கே முடிகிறது என்பதற்கான தெளிவான அடையாளம். அதை முதலில் அழித்தால், பாதி முகவரி தனிப் பதிவாக நிற்கும், திரும்பப் பொருத்துவது கை வேலை.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில், முன்னால் சிஆர் இல்லாத வரி முறிவுகளை மட்டும் இடைவெளியாக மாற்றுங்கள்:

:%எஸ்/\ஆர்\@<!\என்/ /

\@<! என்பது 'இதற்கு முன்னால் அது இருக்கக்கூடாது' என்று சொல்வது. உடைந்த முகவரிகள் ஒன்றுசேர்ந்து ஒவ்வொரு பதிவும் ஒரு வரியாக வந்ததும், அதன் பிறகு :%எஸ்/\ஆர்$// அடித்து சிஆரைத் துடையுங்கள். பிழைத்தால் யூ அடித்துத் திரும்புங்கள், முழுக்கக் குழம்பினால் :ஈ! அடித்தால் கடைசியாகச் சேமித்த நிலைக்குப் போகும். இடையில் :டபிள்யூ அடிக்காதவரை ஒன்றும் பாழாகாது. (தொலைபேசி எண்களின் முன்னாலிருந்த 0-ஐ எக்செல் விழுங்கியிருந்தால் அது வேறு வழக்கு, அதற்கு இந்த வைத்தியம் இல்லை.)

முழுக் கோப்பும் ஒரே நீள வரியாகத் திறக்கிறது

விம்மில் இப்படி வந்து, நடுநடுவே ^எம் தெரிந்தால் பழைய மெக் பாணி. சில பழைய கணக்கு மென்பொருள்களும் இப்படி வெளியே தள்ளும். :ஈ ++எஃப்எஃப்=மெக் என்று அடித்தால் வரிகள் பிரிந்துவிடும், பிறகு :செட் எஃப்எஃப்=யுனிக்ஸ், :டபிள்யூ.

நீங்கள் அனுப்பிய கோப்பு மற்றவரின் நோட்பேடில் ஒரே வரியாகத் தெரிகிறது என்றால் காரணம் நேர் எதிர். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, அதாவது 2018 கடைசி வரை, நோட்பேடுக்கு வெறும் எல்எஃப் விளங்காது. பழைய விண்டோஸ் ஓடும் கணினிகள் கடைகளிலும் கந்தோர்களிலும் இன்னும் உண்டு. அவர்களுக்கு அனுப்ப முதல் :செட் எஃப்எஃப்=டொஸ் போட்டுச் சேமித்துக் கொடுங்கள்.

வசனம் நடுவிலேயே வரி உடைந்து நிற்கிறது

பிடிஎஃப்பில் இருந்தோ ஈமெயிலில் இருந்தோ கொப்பி பண்ணிய உரையில் இது வரும். இங்கே சிஆருக்கு வேலையில்லை, முறிவு தேவையில்லாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். விம்மில் பெரிய ஜே அடித்தால் கீழ் வரி மேலே வந்து ஓர் இடைவெளியோடு ஒட்டும். ஒரு பந்தி முழுவதற்கும் விஐபி, பிறகு பெரிய ஜே. முழுக் கோப்புக்கு:

:ஜி/./,/^$/ஜே

இந்த ஜே சின்னது. எழுத்துள்ள ஒவ்வொரு வரியிலிருந்தும் அடுத்த வெற்று வரி வரை சேர்க்கும், ஒவ்வொரு பந்தியும் ஒரு வரியாகும், இடையிலிருந்த வெற்று வரியும் அதோடு போகும். கடைசிப் பந்திக்குப் பின்னால் ஒரு வெற்று வரி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பந்தி சேராமல் நிற்கும். சிஆரை முதலில் துடைத்திருக்கவும் வேண்டும், ^எம் உட்கார்ந்திருக்கும் வரி வெற்று வரி ஆகாது. கவிதை, முகவரி, அட்டவணை உள்ள கோப்பில் இதை அடித்தால் எல்லாம் ஒரே கூழாகிவிடும், அங்கே பந்தி பந்தியாகக் கையால் செய்யுங்கள்.

தமிழில் இன்னொரு தொல்லை, சொல்லே நடுவில் வெட்டப்பட்டிருக்கும். பெரிய ஜே அங்கே இடைவெளி போட்டு 'வெள்ள வத்தை' என்று பிரித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சின்ன ஜி, பெரிய ஜே: இடைவெளி இல்லாமல் ஒட்டும். சில பிடிஎஃப்களில் துணைக்கால் மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும், அதற்கும் இதேதான்.

பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் வரிகளைச் சேருங்கள், பிறகு மாற்றுங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகுதான் எழுத்தை அடிப்போம், யுனிகோட்டில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் கிடந்தால் மாற்றிக்கு இரண்டும் சோடி என்று தெரியாது, கொம்பு அநாதையாகிவிடும். மாற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதைவிட முதலே சேர்ப்பது எவ்வளவோ சுகம்.

எதிர்ப்பக்கமாக, நீள வரியைக் குறிப்பிட்ட அகலத்துக்கு உடைக்க 'ஃபோல்ட்' கொமாண்டைத் தமிழுக்குப் பாவிக்காதீர்கள். லினக்ஸில் பரவலாக உள்ள பதிப்புகள் அகலத்தைப் பைட்டில் எண்ணுகின்றன. யூடிஎஃப்-8-இல் 'க' 3 பைட், 'கொ' 6 பைட். இடைவெளி 1 பைட். ஆக வெட்டு ஒரு எழுத்தின் வயிற்றிலேயே விழலாம், வரியின் இரண்டு பக்கமும் கேள்விக்குறிப் பெட்டிகள் முளைக்கும். சிங்களத்துக்கும் இதே கதி. விம்மில் :செட் டிடபிள்யூ=72 போட்டு, ஜிகியூஐபி அடியுங்கள், அது சொற்களுக்கு இடையில்தான் உடைக்கும்.

உடைந்ததுபோலத் தெரிகிறது, ஆனால் உடையவில்லை

திரை அகலம் போதாமல் விம் மடித்துக் காட்டுவதாக இருக்கலாம். :செட் நம்பர் போடுங்கள். மடிந்த பகுதிக்குப் புது எண் வராவிட்டால் அது ஒரே வரிதான், எதையும் தொடாதீர்கள். :செட் நோராப் (டபிள்யூவில் தொடங்கும் அந்த ராப்) போட்டால் மடிப்பு விரியும்.

நானோ என்ற எடிட்டரில் அப்படி நம்பி இருக்க முடியாது. 2019-இல் வந்த 4.0 பதிப்புக்கு முந்தியவை, நீங்கள் அடிக்கும்போது நீள வரியை உண்மையாகவே உடைத்துவிடும். பழைய சேர்வரில் நானோ என்றால் 'நானோ -டபிள்யூ' என்று திறப்பது பழக்கமாகட்டும். அப்புறம் நானோ விண்டோஸ் கோப்பைத் திறக்கும்போது டொஸ்ஸில் இருந்து மாற்றியதாகச் சொல்லும், ஆனால் சேமிக்கும்போது திரும்ப டொஸ்ஸாகவே எழுதும். சேமிக்கும் கேள்வி வந்ததும் ஆல்ட்-டி அடித்து அதை நிறுத்துங்கள்.

கடைசி வரியை மட்டும் ஸ்கிரிப்ட் விட்டுவிடுகிறது

கடைசி வரிக்குப் பின்னால் எல்எஃப் இல்லை. டபிள்யூசி ஒரு வரி குறைத்துச் சொல்லும், பாஷ்ஷின் 'வைல் ரீட்' சுற்று அந்த வரியைச் செய்யாமலே நின்றுவிடும், கேட் கொண்டு இரண்டு கோப்பைச் சேர்த்தால் ஒன்றின் வாலும் மற்றதன் தலையும் ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் கடைசியாக உள்ள ஒருவருக்கு மட்டும் எப்போதும் எஸ்எம்எஸ் போகவில்லை என்றால் இதுவே. விம்மில் திறந்து :டபிள்யூ அடித்தாலே போதும், விடுபட்ட எல்எஃப்பை அதுவே போட்டுவிடும்.

மாற்றிய பிறகு ^@ ^@ என்று வந்து நிற்கிறது

விம்மில் தேடும் பக்கத்தில் \என் என்றால் வரி முறிவு. மாற்றும் பக்கத்தில் அதே \என் ஒரு வெற்றுப் பைட், திரையில் ^@. மாற்றும் பக்கத்தில் முறிவு வேண்டுமென்றால் \ஆர் போடவேண்டும். உதாரணமாக, காற்புள்ளி உள்ள இடமெல்லாம் வரியை உடைக்க :%எஸ்/,/\ஆர்/ஜி. ஏன் இப்படி என்று வாதாடலாம், பழகிக்கொள்வது விரைவு. லினக்ஸின் எஸ்ஈடியில் மாற்றும் பக்கத்தில் \என் சரியாகவே வேலை செய்யும், ஆனால் அது வரி வரியாகப் படிப்பதால் சாதாரணமாகத் தேடும் பக்கத்தில் \என் ஒருநாளும் அகப்படாது.

கிட்டில் ஒரு சொல் திருத்தினேன், எல்லா வரியும் மாறியதாகக் காட்டுகிறது

கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. யாரோ ஒருவரின் எடிட்டர் முழுக் கோப்பின் வரி முடிவையும் மாற்றிச் சேமித்திருக்கிறது. 'கிட் டிஃப்' உடன் -டபிள்யூ சேர்த்தால் உண்மையான திருத்தம் மட்டும் தெரியும். நிரந்தரமாகத் தீர்க்க, திட்டத்தின் வேரில் புள்ளியில் தொடங்கும் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரு வரி:

* டெக்ஸ்ட்=ஓட்டோ ஈஓஎல்=எல்எஃப்

பிறகு 'கிட் அட் --ரீநோர்மலைஸ் .' அடித்து, அந்த மாற்றத்தை வேறு எதோடும் கலக்காமல் தனியாகக் கொமிட் பண்ணுங்கள். ஒவ்வொருவரையும் தன் கணினியில் ஓட்டோசிஆர்எல்எஃப்-ஐ அமைக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட இது மேல், கோப்பு திட்டத்தோடேயே பயணிக்கும்.

முதல் வரியில் மட்டும் ஏதோ பிழை

சிஆர் இல்லை, எண்ணிப் பார்த்தாலும் சரி, ஆனால் முதல் வரி மட்டும் பொருந்தவில்லை, அல்லது #! இருந்தும் ஸ்கிரிப்ட் அதைக் காணவில்லை என்றால், கோப்பின் தலையில் பிஓஎம் என்ற 3 பைட் அடையாளம் உட்கார்ந்திருக்கலாம். :செட் பொம்ப்? என்று கேளுங்கள் (பி-ஓ-எம்-பி). இருந்தால் :செட் நோபொம்ப், :டபிள்யூ. ஆனால் தமிழ் சிஎஸ்வி ஒன்றைத் திரும்ப விண்டோஸ் எக்செல்லில் நேரே திறக்கப்போகிறவருக்கு அனுப்புவதென்றால் அதை எடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகத்தான் அவருக்குத் திறக்கும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை எல்லாம் மொத்தமாக அழிக்கும் நீளமான கொமாண்டுகளும் உலாவுகின்றன. மும்மொழிக் கோப்பில் அவற்றைத் தொடவேண்டாம். சிங்களத்தில் 'ஸ்ரீ' எழுதும்போது நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் இருக்கும், யுனிகோட்டில் 200டி. அது போனால் எழுத்துச் சேர்க்கை பிரிந்துவிடும். தமிழ் வரிகளை மட்டும் பார்த்துவிட்டு 'சரி, எல்லாம் நல்லாயிருக்கு' என்று அனுப்பினால், சிங்களப் பக்கம் வாசிக்கிறவர்தான் முதலில் தொலைபேசி எடுப்பார். சிஆரை மட்டும் பெயர் சொல்லி எடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.